கணப்பு ஆறும்வரை

அந்தத் தாள் ஒன்பது நாளாகச் சமையலறை மேஜை மேலேயே கிடக்கிறது. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர், இரும்புக் கணப்பின் பக்கவாட்டில் ஓடிய விரிசலில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நின்றபடியே சிவப்பு மையில் எழுதி வைத்துப் போன தாள். இனி இதில் தீ மூட்டக் கூடாது. அவ்வளவுதான்.

ஒன்பது நாளும் சிக்ருன் கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நடமாடினாள். ஹீட்டர் இரண்டு போட்டால் ஃபியூஸ் போகிறது. ஒன்று போட்டால் அந்த ஹீட்டருக்கு மட்டும்தான் சூடு.

அப்பா தூர்ஸ்டைன் மே மாதம் போய்ச் சேர்ந்தார். வீடு அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் வந்தது. ஈவர் விற்றுவிடலாம் என்றான். ஆற்றோரத்தில் இப்படி ஒரு பழைய மரவீடு கிடைக்காதா என்று தலைநகரத்து ஓஸ்லோக்காரர்கள் அலைகிறார்கள். சிக்ருன் மாட்டேன் என்றாள். ஒன்பது வயதில் அம்மாவோடு இந்த வீட்டைவிட்டுப் போனவள். நகரத்துச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் ஈரத்துணி தூக்கித் தூக்கி வலது தோளைத் தொலைத்துவிட்டு, ஐம்பத்தொன்பதில் திரும்பி வந்திருக்கிறாள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் ஈவர்தான் ஒரு முடிவு சொன்னான்.

"ஒரு குளிர்காலம் இருந்து காட்டு. பனி உருகறப்போ நீ இங்கயே இருந்தா என் பங்கை உனக்கு எழுதித் தர்றேன். நடுவுல மூட்டை கட்டிட்டேன்னா, விக்கறோம்."

நவம்பரே இன்னும் முடியவில்லை. சனிக்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு என்று வானிலையில் சொல்லிவிட்டார்கள். கொத்தனார் நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறார், புதுக் கணப்பைப் புகைபோக்கியோடு இணைத்துக் கொடுக்க. நாளை விட்டால் ஜனவரியில்தான் அவருக்கு நாள் இருக்கிறது. ஆக, இன்று வியாழக்கிழமை இருட்டுவதற்குள் ஒரு கணப்பு இந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் மூட்டைதான்.

வெளியே ஹாரன் கேட்டது. ஈவரின் வண்டி. பின்னால் டிரெய்லர்.

"அம்மா சொன்னாங்க, வந்தேன்" என்றான், கண்ணாடியை இறக்கி. "இல்லேன்னா வந்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"காபி?"

"ஃபிளாஸ்க்ல இருக்கு."

"அப்ப ஏறு."

மரம் ஏற்றும் லாரியை நாற்பது வருஷம் ஓட்டிய கை. ஸ்டியரிங்கை ஒரே விரலால் பிடித்துக்கொண்டு, உதட்டுக்கடியில் புகையிலையை அதக்கிக்கொண்டு, க்லோம்மா ஆற்றை ஒட்டி மேலே மேலே போனான். ஆறு ஓரங்களில் உறைய ஆரம்பித்திருந்தது. இருபது கிலோமீட்டருக்கு இரண்டு பேரும் பேசவில்லை. அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்தே இப்படித்தான். தேவைக்கு ஒரு வாக்கியம், அதற்குப் பதில் ஒரு வாக்கியம்.

"பழசா வாங்கறே" என்றான் திடீரென்று.

"புதுசு ஆர்டர் பண்ணினா ஆறு வாரமாம்."

"தொண்ணூத்தெட்டுக்கு முந்தினதா இருந்தா புகை ஜாஸ்தின்னு மாட்ட விட மாட்டாங்க. அதைப் பார்த்தியா?"

"வருஷம் போட்ட பின்பக்கத் தகடை விக்கறவரே போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. ரெண்டாயிரத்தாறு."

"போட்டோல நான்கூட அழகாத்தான் இருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி அவன் பக்கம் நீட்டினாள்.

கணப்பை விற்பவரின் வீடு மேட்டில் இருந்தது. சிவப்புச் சாயம் வெளுத்த மரவீடு, பக்கத்துச் சுவர் முழுக்க கூரை முட்ட அடுக்கிய பூர்ஜ விறகு. ஈவர் வண்டியை வளைத்துத் திருப்பியவன் பாதியில் பிரேக் போட்டான்.

"ஏய். புகை வருது."

"வேற கணப்பு எதாவது இருக்கும்."

"ஒரு புகைபோக்கிதான்டி இருக்கு அந்த வீட்டுக்கு."

கதவைத் திறந்த கிழவர் ஆர்ன்ஃபின், எண்பது தாண்டியவர். கம்பளிக் காலுறையோடு வாசலில் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சூடு வந்து முகத்தில் மோதியது.

"வாங்க, வாங்க. குளிர்ல நிக்காதீங்க."

கூடத்தின் மூலையில் அது நின்றது. கறுப்பு வார்ப்பிரும்பு, இரு பக்கமும் தலையிலும் சாம்பல் நிற மாக்கல் பலகைகள். கண்ணாடிக் கதவுக்குள் மூன்று கட்டைகள் நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தன. தொட்டாலே தோல் உரியும் சூடு.

ஈவர் குல்லாயைக் கழற்றினான். கணப்பைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். கிழவரைப் பார்த்தான்.

"நாங்க இன்னிக்கு வர்றோம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியுமே" என்றார் கிழவர். முகம் சிவந்துவிட்டது. "படுக்கறப்பவே எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், காலைல மூட்டாதே ஆர்ன்ஃபின்னு. எந்திரிச்சேன். கெட்டில் வெச்சேன். திரும்பிப் பார்த்தா தீ எரியுது. கை அதுபாட்டுக்கு மூட்டிடுச்சு."

"சரி, ஒரு தடவை மூட்டிட்டீங்க. அப்புறம்?"

"ஒன்பது மணிக்கு இன்னும் மூணு கட்டை போட்டேன்." குரல் தாழ்ந்தது. "எரிஞ்சுக்கிட்டிருக்கறதை எப்படி அணைய விடறது?"

ஈவர் மாக்கல்லுக்கு மேல் உள்ளங்கையை நீட்டி, தொடாமலே சட்டென்று இழுத்துக்கொண்டான். "இது ஆற எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஏழு மணி நேரம் சூடு நிக்கும்னு சொல்லித்தான் எனக்கு வித்தாங்க. அவங்க பொய் சொல்லலை."

மணி பத்து. மூன்றரைக்கு வெளிச்சம் போய்விடும். கீழே இறங்கும் சரிவுச்சாலையில் மத்தியானமே உறைபனி. நூற்றறுபது கிலோக் கணப்பை டிரெய்லரில் வைத்துக்கொண்டு இருட்டில் அதில் இறங்க ஈவர் ஒத்துக்கொள்ள மாட்டான். இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

"துத்தநாக வாளி இருக்கா?" என்றான்.

இருந்தது. ஈவர் சாம்பல் கரண்டியால் எரிகட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டு வெளியே கொண்டுபோனான். பனியில் கொட்டியபோது அவை சீறிய சத்தம் உள்ளே கேட்டது. ஆர்ன்ஃபின் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஈவர் திரும்பி வந்து கணப்பின் கதவை அகலத் திறந்தான், காற்றுத் துவாரத்தை முழுக்க இழுத்துவிட்டான், கூடத்து ஜன்னல் மூன்றையும் திறந்தான்.

பத்து நிமிஷத்தில் அந்த வீடு வெளியேயிருந்த குளிருக்கு வந்துவிட்டது. கிழவர் உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் கோட்டும் குல்லாயுமாக, அணைந்த கணப்பைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வாஃபிளும் பழுப்புச் சீஸும் வந்தன. காபி வந்தது.

"திங்கட்கிழமை டவுன்ல ஃபிளாட்டுக்குப் போறேன்" என்றார் கிழவர். "மக பார்த்து வெச்சிருக்கா. லிஃப்ட் இருக்கு. சூட்டுக்கு சுவத்துல ஒரு வெள்ளைத் தகடு மாட்டியிருக்காங்க. அதை எதிர்ல வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படி உக்கார்றது? அது என்ன பண்ணுதுன்னே தெரியலை. சூடா இருக்கு, அவ்வளவுதான்."

"விறகு சுமக்க வேண்டாம்ல" என்றான் ஈவர்.

"அதான் சொல்றேன். காலைல எந்திரிச்சு என்ன பண்றது?"

சிக்ருன் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டிலும் கணப்புக்கு மேலே ஒரு கம்பி கட்டியிருந்தது. அதில் ஒரு ஜோடி கையுறை காய்ந்துகொண்டிருந்தது. கம்பளி காயும் அந்த நெடி, ஈர நாய்க்கும் காய்ச்சிய பாலுக்கும் நடுவே ஒரு நெடி, அவளை நேராகக் கொண்டுபோய் எழுபத்துநாலாம் வருஷத்தில் இறக்கியது.

"அப்பாவோட கால்சட்டை ஞாபகம் இருக்கா அண்ணே?"

ஈவர் நிமிர்ந்தான். ஒரு நொடி அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு வாயின் ஒரு ஓரம் தானாக மேலே போனது.

"தனியா நிக்குமே."

"காட்டுல நாள் முழுக்க இடுப்பளவு பனியில மரம் வெட்டிட்டு வருவார்" என்று கிழவரிடம் சொன்னாள். "கால்சட்டை நனைஞ்சு, உறைஞ்சு, பலகை மாதிரி இருக்கும். கழட்டி கணப்புக்குப் பக்கத்துல நிறுத்துவார். ஆள் இல்லாமலே நிக்கும். இவன் அதுமேல ஒரு குல்லாயை வெச்சிடுவான்."

"மேஸ்திரின்னு பேரு வெச்சிருந்தோம்" என்றான் ஈவர்.

"மேஸ்திரி முழங்கால் மடியற வரைக்கும் ரெண்டு பேரும் உக்கார்ந்து பார்ப்போம். மடிஞ்சதும் இவன் கத்துவான்..."

"மேஸ்திரிக்கு மயக்கம் வந்துடுச்சு, இன்னிக்கு லீவு!"

ஆர்ன்ஃபின் குலுங்கிச் சிரித்தார். ஈவரும் சிரித்தான். சிக்ருன் அண்ணன் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணப் பார்த்து விட்டுவிட்டாள்.

"எங்கப்பா சிரிக்கவே மாட்டார்" என்றாள். "ஆனா அந்தக் கால்சட்டையை எடுத்து ஆணியில மாட்டாம எங்களுக்காக நிறுத்தி வெப்பார். இப்பத்தான் அது எனக்குத் தோணுது." கோப்பையைக் கீழே வைத்தாள். "அதுதான் கடைசிக் குளிர்காலம். ஒரு நாள் குடிச்சிட்டு வந்து, கோடாலியைத் திருப்பிக் கணப்பு மேல ஒரே போடு. பக்கத்துத் தகடு மேலிருந்து கீழ வரைக்கும் விரிசல் விட்டுடுச்சு. இன்னொரு தடவை குடிச்சிட்டு எதையாவது உடைச்சா இருக்க மாட்டேன்னு அம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. மறுநாள் காலை பஸ்ஸில அம்மாவும் நானும் கிளம்பிட்டோம்."

ஈவர் எழுந்தான். "டிரெய்லர்ல பட்டை சரியா இருக்கான்னு பார்க்கறேன்" என்று வெளியே போனான். பட்டையை வரும்போதே அவன் சரிபார்த்துவிட்டான்.

பன்னிரண்டு மணி. மாக்கல்லில் கை வைத்துப் பார்த்தாள் சிக்ருன். இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். அடியில் இரும்பு அதைவிடச் சூடு. ஜன்னல் வழியே பார்த்தால் சூரியன் அதற்குள் மலைக்குப் பின்னால் சாயத் தயாராகிவிட்டது.

கொத்தனாரை நினைத்தாள். சிவப்பெழுத்துத் தாளை நினைத்தாள். இருபத்திரண்டு டிகிரியை நினைத்தாள். ஓஸ்லோக்காரர்கள் கூடத்தில் நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பதை நினைத்தாள்.

சமையலறையில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், படிக்கட்டோரம் குவிந்திருந்த பனியை அமுக்கி அமுக்கி அள்ளினாள். நாலு பாத்திரம் போட்டால் ஆறிவிடும். இதைக்கூட யோசிக்காமல் இரண்டு ஆம்பிளைகள் இவ்வளவு நேரம் காபி குடித்திருக்கிறார்கள்.

கணப்பின் திறந்த கதவுக்கு முன் மண்டியிட்டுப் பாத்திரத்தைத் தூக்கினாள்.

"வேண்டாம்! போடாதே!"

ஈவர் வாசலிலிருந்து பாய்ந்து வந்தான். அறுபத்திரண்டு வயசு ஆள் அப்படிப் பாய்வான் என்று அவள் நினைத்ததில்லை. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். பாத்திரம் தரையில் உருண்டது. பனி சிதறிப் பலகை இடுக்குகளில் உருக ஆரம்பித்தது.

"பைத்தியமா உனக்கு? வெடிச்சிடும்! சூட்டு இரும்புல தண்ணி பட்டா வெடிச்சு விட்டுடும்!"

"கத்தாதே. தோள் வலிக்குது, விடு. எனக்கு எப்படித் தெரியும்? ஃபிளாட்டுல வளர்ந்தவ நான்."

அவன் கையை விட்டான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"நீ எதுக்கு இப்படிப் பயப்படறே?"

அவன் உருண்ட பாத்திரத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"அண்ணே?"

ஆர்ன்ஃபின் இரண்டு பேரையும் பார்த்தார். "திருப்புளி ஒண்ணு ஷெட்ல இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஈவர் சிதறிய பனியைக் காலால் ஒரு பக்கம் ஒதுக்கினான். பிறகு அங்கேயே, தரையில், கணப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நீயும் அம்மாவும் பக்கத்துப் பண்ணைக்குப் பால் கறக்கப் போயிருந்தீங்க" என்றான். "அப்பா என்னைப் பார்த்துக்கணும். ஒரு மணி நேரத்துல வர்றேன்னுட்டு சரக்கு காய்ச்சறவன் வீட்டுக்குப் போயிட்டார். பச்சை விறகு. அந்த வருஷம் புகைபோக்கியும் சுத்தம் பண்ணலை. உள்ளே கரி பிடிச்சுக்கிச்சு. ரயில் வர்ற மாதிரி சத்தம். வீடே அதிருது. புகைக்குழாய் செவசெவன்னு ஆயிடுச்சு. எனக்குப் பன்னெண்டு வயசு. என்ன பண்ணுவேன்? வாளித் தண்ணியைத் தூக்கி உள்ளே ஊத்தினேன்."

சிக்ருன் திரும்பிக் கணப்பின் திறந்த கதவைப் பார்த்தாள்.

"துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். தகடு விட்டுடுச்சு. தீ அதுபாட்டுக்கு மேல எரிஞ்சு அடங்கிடுச்சு. அப்பா வந்தார். ஒரு அடி அடிக்கலை. தரையைத் துடைடா சீக்கிரம்னார். துடைச்சேன். நீங்க ரெண்டு பேரும் வாசல்ல பனியைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. சுவத்துல சாத்தியிருந்த கோடாலியை எடுத்து அவர் கணப்புக்குப் பக்கத்துல போட்டார். வாயைத் திறக்காதேன்னார்."

"அப்ப அவர் உடைக்கலை."

"இல்லை."

"நீ உடைச்சே."

"ஆமா."

"உன்னைக் காப்பாத்தறதுக்காக..."

"தெரியலை சிக்ருன்." அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். "நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் எனக்குப் பிள்ளைங்க பொறந்தப்போ வேற மாதிரி தோணுச்சு. பையனைத் தனியா விட்டுட்டுக் குடிக்கப் போனேன், வீடு எரிய இருந்துச்சுன்னு சொல்றதைவிட, குடிச்சிட்டு உடைச்சேன்னு சொல்றது அவருக்குச் சுலபமா இருந்திருக்கும். என்னைக் காப்பாத்தினாரா, தன்னையே காப்பாத்திக்கிட்டாரா, இன்னிக்கும் எனக்குப் புரியலை. அம்மா நிஜமாவே போவாங்கன்னு அவர் நினைக்கலை. அது மட்டும் தெரியும்."

"நீ ஏன் எங்ககூட வரலை? அம்மா உன்னையும்தானே கூப்பிட்டாங்க."

"எப்படி வர்றது? அவரைத் தனியா விட்டுட்டு?"

திறந்த ஜன்னலில் திரைச்சீலை ஒரு முறை உள்ளே வந்து வெளியே போனது.

"அம்பது வருஷம்" என்றாள் சிக்ருன். குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் பண்ணுவேன் அவருக்கு. வருஷத்துல ஒரே ஒரு தடவை. வானிலை எப்படின்னு கேட்பார். சொல்வேன். வெச்சிடுவேன். அந்த விரிசலுக்கு வருஷா வருஷம் சாந்து பூசி ஓட்டறார்னு கேள்விப்பட்டப்போ, கஞ்சப்பய, புதுசு வாங்கித் தொலையட்டுமேன்னு அம்மாகிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்."

"சாந்து நான்தான் குழைச்சுக் கொடுப்பேன். செப்டம்பர் கடைசி வாரம். அவர் பூசுவார். பேசிக்க மாட்டோம்." அண்ணாந்து அவளைப் பார்த்து, "அந்த வீட்டை விக்கணும்னு நான் ஏன் நிக்கறேன்னு நினைச்சே? காசுக்கா?" என்றான்.

அவள் எழுந்து வெளியே போனாள்.

ஆர்ன்ஃபினின் விறகு வெட்டும் முட்டுக்கட்டையில் உட்கார்ந்தாள். ஈவர் கொட்டிய எரிகட்டைகள் பனியில் கருங்குழிகளாகக் கிடந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று நிலைக்காமல். அண்ணன் மேல் வந்தது. பன்னிரண்டு வயசு என்று நினைத்ததும் அங்கிருந்து நகர்ந்தது. அப்பா மேல் வந்தது. மேஸ்திரியை நிறுத்தி வைத்த மனுஷன் என்று நினைத்ததும் அங்கேயும் நிற்கவில்லை. போகிற இடமெல்லாம் துரத்தப்பட்டு அது கடைசியில் அவளிடமே வந்து உட்கார்ந்தது. பதினெட்டு வயசுக்கு அப்புறம் அவளை யார் பஸ் ஏற விடாமல் தடுத்தார்கள்?

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, கால் மரத்துவிட்டது. உள்ளே வந்தாள். கணப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எண்ணினாள். பத்து. பதினைந்து. இருபது.

"கல்லைக் கழட்டு" என்றாள். "ஆறிடுச்சு."

அதற்குப் பிறகு வேலை மட்டும்தான் இருந்தது. தலைக்கல்லைத் தூக்கிப் போர்வையில் சுற்றினார்கள். பக்கக் கற்களைக் கழற்றினார்கள். உள்கற்களை ஒவ்வொன்றாக உருவி அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். ஈவர் ஒரு துண்டுச் செய்தித்தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தான். தாள் வரவில்லை. காற்றை அடைக்கும் கதவோரக் கயிறு நன்றாக இருக்கிறது. அவள் போன் வெளிச்சத்தில் பின்பக்கத் தகட்டைப் பார்த்தாள். ரெண்டாயிரத்தாறுதான்.

"மறுபடி போட்டோ எடுத்துக்கோ" என்றான். "கொத்தனாருக்குக் காட்டணும்."

தள்ளுவண்டியில் சாய்த்து, பட்டை இறுக்கி, வாசற்படியில் இரண்டு பலகை போட்டு இறக்கினார்கள். ஈவர் கீழே பாரம் தாங்கினான். அவள் மேலே நின்று இடது தோளைக் கொடுத்தாள்.

"வலது தோளு?"

"அது செத்துப்போச்சு. இதுல விடு."

"மெதுவா. மெதுவாடி. நான் அடியில இருக்கேன்."

"தெரியுது. அதனாலதான் வேகமா விடலாமான்னு பார்க்கறேன்."

அவன் பலகைக்குக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் பாரத்தை விடவுமில்லை.

டிரெய்லரில் கட்டி முடித்தபோது மணி ஒன்றே முக்கால். போனிலேயே பணத்தை அனுப்பினாள். கிழவர் அவருடைய போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் ஒரு தோல் கையுறை இருந்தது. ஒற்றைக் கை. உள்ளங்கைப் பக்கம் கருகிப் பளபளத்தது.

"கைப்பிடி சூடாகும். இது அதோடயே ஆணியில தொங்கினது. என் சம்சாரம் மாரித் போட்டுக்கிட்டது. என் கைக்குப் பத்தாது." அவள் கையில் திணித்தார். "முதல் கட்டை மெல்லிசா போடுங்க. காலைல எந்திரிச்ச உடனே கதவைத் திறந்துடாதீங்க, முதல்ல காத்தை விடுங்க. ஒரு நிமிஷம். அப்புறம் திறங்க."

"சரி."

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்" என்றார். வண்டி மேட்டிலிருந்து இறங்கும்வரை வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் ஜன்னல்கள் மூன்றும் திறந்தே இருந்தன.

சரிவுச்சாலையைத் தாண்டி ஆற்றோரம் வந்ததும் ஈவரின் போன் அடித்தது. வண்டிக்குள் ஸ்பீக்கரில் அம்மா போர்கில்டின் குரல் நிறைந்தது. எண்பத்தாறு வயசு. டவுனில் தனி ஃபிளாட்டில் இருக்கிறாள். போனில் பேசினாலும் எதிர் மலைக்குக் கேட்கிற குரல்.

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டோம்மா."

"ரெண்டு பேரும் கொன்னுக்கலையே?"

ஈவர் தங்கையைப் பார்த்தான். "இன்னும் இல்லை."

"நல்லது. ஞாயித்துக்கிழமை வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. புதுக் கணப்புகிட்ட உக்கார்ந்து காபி குடிக்கணும். அந்தப் பழைய சனியனை அதுக்குள்ள தூக்கிப் போட்டுடாதீங்க. இரும்புக்கடைக்கு அது போறதை நான் என் கண்ணால பார்க்கணும். அம்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். கேக்குதா சிக்ருன்?"

"கேக்குதும்மா."

"என்ன குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"குளிரு."

"குல்லா போடு" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

மிச்ச முப்பது கிலோமீட்டரில் ஃபிளாஸ்க் காலியானது. வீட்டு முற்றத்தில் வண்டி திரும்பியபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பழையதை முதலில் நகர்த்த வேண்டியிருந்தது. குழாயைக் கழற்றி, இரண்டு இரும்புக் கம்பிகளை அடியில் கொடுத்து, நெம்பி நெம்பி ஜன்னலோரம் தள்ளினார்கள். அது ஐம்பது வருஷத்துக்கு மேல் நின்ற இடத்தில் தரைப் பலகை வெளுத்து நாலு மூலைச் சதுரமாக இருந்தது. அங்கே ஆர்ன்ஃபினின் கணப்பை நிறுத்தி, கற்களை ஏற்றி, ஈவர் தரைமட்டம் பார்த்தான். இரண்டு தரம் பார்த்தான்.

"காலைல எட்டு மணிக்கு நானும் வர்றேன்" என்றான். "கொத்தனார் தனியா தூக்க மாட்டான்."

சிக்ருன் பழைய கணப்பின் பக்கத்தில் குந்தியிருந்தாள். விரிசலின் மேல் விரலை ஓட்டினாள். சாந்துக்கு மேல் சாந்து, அதற்கு மேல் சாந்து. சில இடத்தில் ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. கீழ்மூலையில், பூசி ஈரம் காயுமுன் யாரோ அழுத்திவிட்டுப் போன கட்டைவிரல் தடம் ஒன்று. அப்பாவுடையதாக இருக்கலாம். அவனுடையதாகவும் இருக்கலாம்.

"அதை நாளைக்கே கொண்டுபோயிடறேன்" என்றான் ஈவர், அவள் பார்ப்பதைப் பார்த்து. "டிரெய்லர் இங்கதானே இருக்கு. அம்மாகிட்ட மறந்து போட்டுட்டோம்னு சொல்லிக்கலாம்."

"வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்."

"அம்மா பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

அவன் குல்லாயைக் கழற்றிக் கையில் சுருட்டினான். பன்னிரண்டு வயசில் அவன் அதைத்தான் செய்வான், அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"நீ சொல்லிடறியா சிக்ருன்? உன்கிட்டன்னா அம்மா கேட்டுப்பாங்க."

"தண்ணி ஊத்தினது நீ. நீ சொல்லு. நான் காபி போடறேன்."

"வர்ற வழியில வண்டியிலேயே சொல்லிடவா?"

"வண்டியில வேண்டாம்." ஆர்ன்ஃபின் கொடுத்த கையுறையைச் சுவரில் அப்பாவின் ஆணியில் மாட்டினாள். "இங்க வந்து, இது முன்னாடி நின்னு சொல்லு."

ஈவர் தலையாட்டினானா இல்லையா என்று அந்த மங்கலில் தெரியவில்லை. வெளியே போனான். வண்டிக் கதவு சாத்தும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. கொஞ்ச நேரத்தில், ஷெட்டிலிருந்து ஒரு கை நிறைய விறகோடு அவன் திரும்பி வந்து, இன்னும் மூட்டாத கணப்புக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தான்.